கட்டையை எண்ணிய வருடம்

அன்று காலை எங்கள் வளவில் நின்றவர்களைச் சொல்கிறேன். விதானையார் நின்றார். அவர் எங்கள் ஊரின் கிராம சேவகர், ஆனால் யாரும் அவரை அப்படிக் கூப்பிடுவதில்லை. மிருக வைத்தியக் கந்தோரிலிருந்து சைக்கிளில் வந்த ஓர் இளந்தாரி நின்றார், மாட்டுக்கு ஊசி போடுபவர். சந்தியில் கடை வைத்திருந்த அம்மான் நின்றார், என் மனைவிக்கு ஒன்றுவிட்ட தாய்மாமன். என் மனைவி நின்றாள், கையில் ஓலை கிழிக்கும் கத்தியோடு. நான் நின்றேன். மாடு நின்றது. மாட்டின் வயிற்றில் கன்று இருந்தது.

எல்லோரும் அந்த மாட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். அதை எண்ணுவதா, விடுவதா என்பதுதான் பேச்சு.

இது தொண்ணூறுக்குப் பிறகு, சண்டைக் காலத்தில் நடந்தது. ஊர் கரவெட்டிப் பக்கம். கரண்ட் இல்லை. மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்றது. ஆனால் தோட்டம் இருந்தது, கிணற்றில் தண்ணீர் இருந்தது. நான் வேலி அடைப்பேன், தோட்டம் கொத்துவேன், இறைக்கிற நேரம் பாத்திக்குத் தண்ணீர் மாறுவேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்து குறைவு. எண்ணத் தெரியும்.

வருடத்துக்கு ஒரு தடவை விதானையார் ஊரிலுள்ள ஆடு, மாடு, கோழியை எண்ணுவார். பயிரையும் எழுதுவார். அவர் எழுதியது பிரதேசக் கந்தோருக்குப் போகும். அங்கே எல்லா ஊர்க் கணக்கையும் கூட்டி, மாவட்டத்தின் பெரிய கந்தோரான கச்சேரிக்கு அனுப்புவார்கள். கச்சேரியில் எல்லாவற்றையும் கூட்டிக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அந்தக் காலத்தில் நாங்கள் கொழும்புக்குப் போவதென்றால் பெரிய பாடு. எங்கள் கோழிகள் கடதாசியில் போய்விட்டன.

விதானையாருக்கு நாய்ப் பயம். அதனால்தான் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஊரில் அரைவாசி வளவுக்கு நான் வேலி அடைத்திருக்கிறேன். நாய்களுக்கு என்னைத் தெரியும். நான் முன்னால் போய்ப் படலையைத் திறந்து நாயோடு கதைப்பேன். அவர் சைக்கிளைப் பிடித்தபடி வெளியே ஒழுங்கையில் நிற்பார். நாய் படுத்த பிறகு வருவார். நாய்க்கு அந்தக் கடதாசியில் இடம் கிடையாது. அது தெரியாமல் அதுதான் எல்லாரையும் விடக் கூடச் சத்தம் போட்டது.

பயிர் எழுதுவது லேசு. வெங்காயம் எவ்வளவு என்று கேட்டால் எங்கள் ஆட்கள் ஏக்கரில் சொல்லமாட்டார்கள். பரப்பில் சொல்வார்கள். இல்லாவிட்டால் எத்தனை அந்தர் விதை நட்டது என்று சொல்வார்கள். புகையிலையைக் கன்றுக் கணக்கில் சொல்வார்கள். விதானையார் அதை வாய்க்குள் பெருக்கிப் பிரித்து ஏக்கராக்கி எழுதுவார். பயிர் நின்ற இடத்தில் நிற்கும். போய்ப் பார்க்கலாம். ஒளிக்கவும் முடியாது.

கோழி அப்படியில்லை. கோழியை வாயால் எண்ணிச் சொல்லப் பெண்களுக்கு மனமில்லை. நாவூறு பட்டுவிடும் என்று பயம். ஒரு வளவில் விதானையார் கேட்டார்:

"எத்தினை கோழி, பிள்ளை?"

"உள்ளதுகள் நிக்குதுகள்."

"உள்ளது எத்தினை?"

"விடியக் காலமை உதுகளை ஏன் விதானையார் வாயாலை சொல்லுவிக்கிறியள்? முட்டையிடுறதும் நிண்டு போகும்."

விதானையார் கோபப்படவில்லை. கடதாசியை மடித்து வைத்துவிட்டு, ஊர்க்கதை கதைப்பது போலக் கேட்டார்.

"உங்கடை பக்கம் கீரி கூடவாம், மெய்யே?"

"அதையேன் கேக்கிறியள்! ஆறு கோழியைக் கொண்டுபோட்டுது."

"ஐயோ. அப்ப அது மிச்சம் விட்டது?"

"பதினொண்டு," என்று சொல்லிவிட்டு அவள் வாயைப் பொத்தினாள்.

அதற்குப் பிறகு எல்லா வளவிலும் கீரியைத்தான் கேட்டோம். கீரிக்குப் பயந்து எல்லோரும் சரியான கணக்குச் சொன்னார்கள். கேட்டும் சொல்லாதவர்களின் வளவில் நான் தண்ணீர் குடிக்கிற சாட்டில் கொல்லைப்பக்கம் போய்வருவேன். வந்து விதானையாருக்கு முன்னால் கையைப் பின்னுக்குக் கட்டிக்கொண்டு திரும்பி நிற்பேன். விரலைப் பார்த்து அவர் எழுதுவார்.

போதகர் வளவில் ஒரு சோடி வான்கோழி நின்றது. கடதாசியில் வான்கோழிக்குக் கோடு இல்லை. விதானையார் வெகுநேரம் யோசித்தார். போதகர் அம்மா எங்களுக்குத் தேத்தண்ணி தந்தா, பனங்கட்டியோடு. குடித்து முடித்த பிறகு, "வேறு" என்ற இடத்தில் இரண்டு என்று எழுதினார். அந்தத் தாளில் அந்த இடம் எங்கள் ஊருக்கு மட்டும்தான் நிரம்பியிருக்கும் என்று எனக்கு ஒரு சந்தோசம்.

இப்படியாக எங்கள் வளவுக்கும் வந்தோம். என் வளவுக்கு நானே ஆள் கூட்டிக்கொண்டு வந்தேன். எங்கள் நாய் என்னைப் பார்த்தும் குலைத்தது.

"இஞ்சை என்ன இருக்கு?" என்று விதானையார் என் மனைவியிடம் கேட்டார்.

"நாலு கோழி. ஒரு மறியாடு."

"மாடு?"

"எங்களிட்டை மாடு இல்லை."

அவள் சொல்லும்போதே பின்னால் மாடு கத்தியது. விதானையார் என்னைப் பார்த்தார். நான், "அது அம்மான்ரை மாடு. பங்குக்கு நிக்குது," என்றேன்.

"ஓ, அப்ப அங்கை எழுதுவம்," என்றார்.

சந்திக் கடையில் அம்மானிடம் கேட்டார். அம்மான் சீனி நிறுத்துக்கொண்டிருந்தார். "என்னட்டை மாடு எங்காலை? கொட்டிலும் இல்லை, வைக்கலும் இல்லை. நான் கடைக்குள்ளை மாடு கட்டுறனோ?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். விதானையார் அடுத்த வளவுக்குப் போனார்.

என் மனைவி சொன்னது பொய் இல்லை. அம்மான் சொன்னதும் பொய் இல்லை. மாடு மட்டும் கணக்கில் இல்லை.

பங்கு மாடு என்றால் என்னவென்று சொல்லவேண்டும். எங்கள் பக்கத்தில் வசதியுள்ளவர் ஒரு நாகை, அதாவது இன்னும் கன்று போடாத மாட்டை, வசதியில்லாதவரிடம் வளர்க்க விடுவார். தீன் போடுவது, குளிப்பாட்டுவது, இரவில் எழும்பிப் பார்ப்பது எல்லாம் வளர்க்கிறவர் பொறுப்பு. பாலும் எருவும் அவருக்கு. தலைக்கன்று வளர்த்தவருக்கு. இரண்டாவது கன்று உடையவருக்கு. பிறகு அவர் மாட்டைத் திருப்பி எடுத்தாலும் எடுப்பார். எழுத்து ஒன்றும் கிடையாது. வாய்ச்சொல்தான்.

எங்களுக்கும் முன்பு ஒரு மாடு இருந்தது. ஊரை விட்டு ஓடிய ஒரு முறை அதை அவிழ்த்துவிட்டுப் போனோம். திரும்பி வந்தபோது அது இல்லை. பிறகு பிள்ளைகள் இரண்டும் வெறுந் தேத்தண்ணி குடித்து வளர்ந்தார்கள். அம்மான் இந்த நாகைக் கொண்டுவந்து விட்டார். அடுத்த நாள் விடிய எழும்பிப் பார்த்தேன். என் மனைவி கொட்டிலுக்குள் இருந்து பனையோலையை மெல்லிசாகக் கிழித்து அதற்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். மூத்தவளுக்குக்கூட அவள் அப்படி ஊட்டியதில்லை.

இரண்டு வருடத்தில் நாகு சினைப்பட்டது. அந்தத் தலைக்கன்று எங்களுடையது. கன்று பசுவாய் இருந்தால் எங்களுக்கென்று ஒரு மாடு. அவ்வளவுதான் எங்கள் எண்ணம். வேறு எண்ணம் வைக்கிற காலமும் இல்லை.

விதானையார் கணக்கைக் கூட்டினார். ஊரில் மாடு நூற்று நாற்பத்திரண்டு. அனுப்பிவிட்டார். நானும் அடுத்த வேலிக்குக் கதியால் வெட்டப் போய்விட்டேன்.

கொஞ்சக் காலம் போகப் பக்கத்து ஊர்களில் கால்வாய் நோய் என்று கேள்விப்பட்டோம். மாட்டுக்கு வாயில் கொப்புளம் வரும், எச்சில் ஒழுகும், குளம்பு வெடிக்கும். தின்னாது, நடக்காது. அப்போதுதான் மிருக வைத்தியக் கந்தோர்த் தம்பி எங்கள் ஊருக்கு வந்தார். மெலிந்த ஆள், பகிடிக்காரர். சைக்கிள் கரியரில் ஒரு பெட்டி. விதானையார் வீட்டு முற்றத்தில் நானும் நின்றேன்.

"விதானையார், உங்கடை கணக்கிலை நூற்று நாற்பத்திரண்டு மாடு," என்றார் தம்பி.

"ஓம். வீடு வீடாய்ப் போய் எடுத்தது."

"நான் ஒழுங்கையாலை வரேக்கை மிதிச்ச சாணிக்கு அது காணாதே!"

விதானையார் சிரித்தார். தம்பி பிறகு சிரிக்காமல் சொன்னார். தடுப்பு மருந்து கடல் தாண்டி வரவேண்டும். எழுதிய கணக்குக்குத்தான் போத்தல் வரும். ஒரு போத்தலைத் திறந்தால் அன்றைக்கே முடிக்கவேண்டும், ஐஸ் கரைந்தால் மருந்து செத்துவிடும். ஆகவே கூடக் கேட்கவும் வழியில்லை, மிச்சம் வைக்கவும் வழியில்லை. திருத்துவதானால் இந்தக் கிழமைக்குள் திருத்தி அனுப்பவேண்டும்.

"எழுதாத மாட்டுக்கு?" என்று நான் கேட்டேன்.

"எழுதாத மாட்டுக்கு ஊசி இல்லை, அண்ணை."

"சினை மாட்டுக்கு உந்த நோய் வந்தால்?"

"கன்று விழுந்துபோகும். அனேகமாய்."

நான் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் சுளகைக் கீழே வைத்தாள்.

"அப்ப எழுதச் சொல்லுங்கோ."

"ஆற்றை பேரிலை?"

அதுதான் சிக்கல். அம்மான் பேரில் சினை மாடு என்று எழுதினால், கன்றும் அவர் கணக்கில் போய்விடுமோ என்று அவளுக்குப் பயம். எங்கள் பேரில் எழுதினால், மாட்டையே நாங்கள் எடுத்துவிட்டோம் என்று அம்மான் நினைப்பார். கந்தோரில் எழுதியது எழுதியதுதான் என்று எங்கள் ஆட்கள் எல்லோரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

விதானையாரிடம் போய் இதைச் சொன்னேன். அவர் சொன்னார், "நாளைக்கு எல்லாரும் உன்ரை வளவுக்கே வாறம். அம்மானையும் கூட்டியாறன். மாட்டுக்கு முன்னாலை வைச்சுக் கதைப்பம்."

அப்படித்தான் அன்று காலை எல்லோரும் வந்து நின்றார்கள்.

அம்மான் கடையைப் பூட்டிவிட்டு வந்ததால் அவசரமாக வந்தார். முதலில் அவர் மாட்டைப் பார்க்கவில்லை. கயிற்றைப் பார்த்தார்.

"உது ஆற்றை கயிறு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. எங்கள் பக்கத்தில் மாட்டை விற்றாலும் கயிற்றை விற்பதில்லை. விற்றவர் தன் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவார். வாங்கியவர் தன் கயிற்றைக் கட்டி மாட்டைக் கூட்டிப்போவார். பங்கு மாடு மட்டும் உடையவரின் கயிற்றோடேயே நிற்கும். கயிறு மாறினால் மாடு கைமாறியதென்று அர்த்தம். மாரிக்கு முன் அம்மானின் கயிறு இத்துப்போனது. தும்புக் கயிறு கடையில் இல்லை. கரைப்பக்கம் வேலி அடைக்கப் போன இடத்தில் பழைய வலைக்கயிறு தந்தார்கள், நீல நிறம். அதை முறுக்கிக் கட்டினேன். மாடு அறுத்துக்கொண்டு ஓடாமல் இருக்கவேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை.

"எங்கடை கயிறு, அம்மான்," என்றேன்.

"என்ரை கயிறு எங்கை?"

"இத்துப் போச்சுது."

"இத்துப் போனால் வந்து சொல்லுறதில்லையோ? கடையிலை வந்து உப்பு வேண்டத் தெரியுது, புளி வேண்டத் தெரியுது. கயிறு இத்துப் போச்செண்டு சொல்ல வாய் வரேல்லை?"

என் மனைவி கத்தியை வைக்காமலே பேசினாள்.

"அம்மான், அது இத்த கயிறை அறுத்துக்கொண்டு போய் ஆற்றையும் மிளகாய்த் தோட்டத்தைத் திண்டிருந்தால், அப்ப ஆற்றை மாடு எண்டு சொல்லியிருப்பியள்?"

"அப்ப அது உன்ரை மாடுதான், பிள்ளை," என்றார் விதானையார். கந்தோர்த் தம்பி திரும்பி நின்று சிரித்தார். அம்மானுக்கு முகம் கறுத்தது.

"சிரிக்கிறதுக்கு நான் கடை பூட்டிக்கொண்டு வரேல்லை. கயிறும் மாறிப்போச்சு. இப்ப இவையின்ரை பேரிலை எழுதவும் போறியள். பிறகு எனக்கு என்ன இருக்கு?"

"அப்ப உங்கடை பேரிலை எழுதட்டே?" என்று விதானையார் கேட்டார்.

"கன்று?" என்றாள் என் மனைவி. ஒரு சொல்தான்.

கந்தோர்த் தம்பி முன்னால் வந்தார்.

"ஐயா, அக்கா, இரண்டு பேரும் கேளுங்கோ. எனக்கு மாடு ஆற்றையெண்டும் தேவையில்லை, கன்று ஆற்றையெண்டும் தேவையில்லை. நான் கொண்டுவாறது ஊசி. கட்டை எங்கை அடிச்சிருக்கு?"

"இஞ்சை," என்றேன். மாடு கட்டிய கட்டையைக் காட்டினேன்.

"அப்ப இந்த வளவிலை ஒண்டு. பேர் வேண்டாம். கட்டைக்கு ஒரு மாடு. அவ்வளவுதான் எழுதுவம்."

"எழுதாதையும்," என்றார் அம்மான். "இண்டைக்குக் கட்டை எண்டுவியள். நாளைக்கு அந்தக் கட்டையைக் காட்டி வழக்குப் பேசுவினம்."

தம்பி பேனையைச் சட்டைப்பையில் குத்தினார். "சரி ஐயா. நான் வற்புறுத்தேல்லை. அடுத்த வளவுக்குப் போவம், விதானையார்," என்று சைக்கிளை எடுத்தார்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்ய? அது அம்மானின் மாடு. அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர்கள் படலை வரைக்கும் போய்விட்டார்கள்.

அம்மான் மட்டும் மாட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அது அவரை மணந்து பார்த்தது. பிறகு அவர் கையை நக்கியது. உப்பு நிறுக்கிற கை, ருசியாக இருந்திருக்கும். அவர் அதன் கழுத்துத் தோலைச் சொறிந்தார். வயிற்றில் கையை வைத்துப் பார்த்தார். கனநேரம் வைத்திருந்தார்.

"தம்பி," என்று படலைப் பக்கம் கூப்பிட்டார். "ஊசி போடாட்டி மெய்யாய்க் கன்று விழுமோ?"

"நோய் வந்தால் விழும், ஐயா. வராட்டி இல்லை. பக்கத்து ஊரிலை வந்திட்டுது."

அம்மான் என் மனைவியிடம் திரும்பினார்.

"பிள்ளை, அந்த இத்த கயிறு எங்கை? எறிஞ்சுபோட்டியளோ?"

"அதாலை படலை கட்டியிருக்கு."

நான் போய்ப் படலையில் கட்டியிருந்த அவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு வந்தேன். அவர் அதைக் கையில் வாங்கி இழுத்து இழுத்துப் பார்த்தார். இத்த பக்கத்தை என் மனைவியின் கத்தியால் வெட்டி எறிந்தார். மிச்சம் ஒரு முழம் இருந்தது. மாட்டின் கழுத்துக்குக் கிட்ட, நீலக் கயிற்றின் முறுக்கைப் பிரித்து, அதற்குள் தன் கயிற்றைக் கோத்து இறுக்கிக் கட்டினார். கடைக்காரருக்கு முடிச்சுப் போட யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. மாடு அசையாமல் நின்றது.

"இப்ப எழுதும்," என்றார்.

தம்பி பேனையை எடுத்தார். விதானையாரும் எழுதினார். எங்கள் வளவில் மாடு ஒன்று.

கன்றைப் பற்றி அம்மான் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, "கடை பூட்டிக் கிடக்கு," என்றுமட்டும் சொன்னார். அதை என் மனைவியும் கவனித்தாள், நானும் கவனித்தேன். படலைக்குக் கயிறு இல்லாததால் அன்று முழுவதும் அது திறந்தபடி கிடந்தது. பக்கத்து வளவு ஆடு இரண்டு வந்து எங்கள் கத்தரியைத் தின்றுவிட்டுப் போயின.

அந்தக் கிழமை ஊர் முழுவதும் கட்டையைத்தான் எண்ணினோம். விடியற்காலை, மாடுகளை மேய்ச்சலுக்கு அவிழ்க்க முன் போவோம். யாருடைய மாடு என்று கேட்பதில்லை. "கட்டை எங்கை?" என்று கேட்போம். கட்டையைக் காட்டுவதில் யாருக்கும் வருத்தமில்லை. கட்டைக்கு நாவூறும் இல்லை. எல்லாக் கொட்டிலிலிருந்தும் பங்கு மாடுகள் வெளியே வந்தன. அண்ணன் வீட்டு மாடு தங்கை வளவில் நின்றது. வாத்தியார் மாடு அவருக்குத் தோட்டம் செய்கிறவர் வளவில் நின்றது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட ஒரு நாம்பன் மாடு யாருடையதும் இல்லாமல் எல்லோருடைய பயிற்றையும் தின்றுகொண்டு திரிந்தது. அதற்குக் கட்டையே இல்லை. விதானையார் கோயில் வாசலில் ஒன்று என்று எழுதினார்.

ஒருவர் மட்டும் எங்களைத் தோற்கடிக்கப் பார்த்தார். ஒரு மாட்டுக்கு மூன்று கட்டை அடித்து வைத்திருந்தார். கட்டைக்குப் பிண்ணாக்குத் தருகிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"மற்ற இரண்டும் எங்கை, அண்ணை?" என்று தம்பி கேட்டார்.

"மேயப் போட்டுது."

"விடிய முந்தியோ?"

"அதுகள் கெட்டித்தனமானதுகள்."

"அப்ப சாணியைக் காட்டுங்கோ. சாணி மேயப் போகாது."

அந்த மனிதர் தலையைச் சொறிந்தார். அவர் பெண்சாதி உள்ளுக்குள் இருந்து, "நான் அப்பவே சொன்னனான்!" என்று கத்தினா. ஒரு கட்டையை மட்டும் எழுதிக்கொண்டு வந்தோம். ஒழுங்கையில் தம்பி சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தார். விதானையாரும் சிரித்தார். அந்த நாட்களில் பெரிய ஆட்கள் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் கணக்கில் மாடு நூற்று எண்பத்தெட்டு. விதானையார் பழைய தாளை வெட்டிப் புதியதை எழுதினார். நான் பக்கத்தில் இருந்து ஒழுங்கை ஒழுங்கையாகச் சொன்னேன். அவர் கூட்டினார். பிறகு என்னையும் கூட்டச் சொன்னார். எனக்கும் அதுவே வந்தது.

போத்தல்கள் வந்தன. கோயில் வீதியில் மாடுகளை வரிசையாகக் கொண்டுவந்து கட்டினோம். தம்பி ஐஸ் பெட்டியை மர நிழலில் வைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வந்தார். பாதியில் பிளேன் வந்தது. ஆட்கள் எல்லோரும் பங்கருக்குள் இறங்கினோம். மாடுகள் நின்றன. தம்பி பெட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். உள்ளே இடமில்லை. "பெட்டிக்கு இடம் விடுங்கோ, எனக்கு வேண்டாம்," என்றார். சனம் ஒதுங்கிப் பெட்டிக்கும் அவருக்கும் இடம் விட்டது. பிளேன் வேறு பக்கம் போய்விட்டது. ஏறி வந்து மிச்ச மாட்டுக்கும் போட்டார்.

எங்கள் மாட்டுக்கு ஊசி போட்டபோது என் மனைவி அதன் கண்ணைப் பொத்தினாள். அது உதைக்கவில்லை. நீலக் கயிற்றில் அம்மானின் துண்டு மண்ணிறமாகத் தெரிந்தது. தம்பி அதைத் தட்டிப் பார்த்து, "உறுதியாய்த்தான் கட்டியிருக்கிறார்," என்றார்.

நோய் எங்கள் ஊருக்கும் வந்தது. ஊசிக்குப் பிறகு வெளியிலிருந்து வாங்கிவந்த ஒரு மாட்டுக்குத்தான் வந்தது. அதோடு நின்றது.

தைப்பொங்கல் முடிந்து, வெங்காயம் கிண்டுகிற நேரம் மாடு கன்று போட்டது. விடியப்புறம். நான் எழும்பிப் போகும்போது எல்லாம் முடிந்துவிட்டது. கன்று நிற்கப் பார்த்து விழுந்துகொண்டிருந்தது. என் மனைவி சாக்கால் அதைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நாகு," என்றாள். பசுக்கன்றுதான்.

பிள்ளைகள் எழும்பி வந்து கொட்டில் வாசலில் நின்றார்கள். கிட்டப் போகவேண்டாம் என்றேன். மாடு புதிதாய்க் கன்று போட்டால் பொல்லாது.

முதல் கறந்த கடும்புப் பாலை ஒரு செம்பில் ஊற்றி, இலை மூடி, அம்மான் வீட்டுக்குக் கொடுத்துவிட்டோம். அது முறை. கொடுத்துவிட்டு அவள் பின்னேரம் வரைக்கும் ஒரு வேலையும் சரியாகச் செய்யவில்லை. கறிக்கு இரண்டு தரம் உப்புப் போட்டாள். நான் பேசாமல் தின்றேன். அவள் எதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். கன்றுக்குக் கயிறு கொண்டு வந்தால் அம்மானின் கன்று. கயிறு இல்லாமல் வந்தால் எங்கள் கன்று. கேட்கவும் முடியாது. பெரிய மனிதரிடம் அதைக் கேட்டால் அவர் சொல்லை நம்பவில்லை என்றாகும்.

பொழுதுபட முன் அம்மான் வந்தார். படலையைத் திறக்கும்போதே அவள் அவர் கையைப் பார்த்தாள். ஒரு கையில் கடதாசிப் பொட்டலம். மற்றக் கையில் சைக்கிள் பூட்டுத் திறப்பு. தோளிலும் ஒன்றும் இல்லை.

"பிண்ணாக்கு," என்று பொட்டலத்தை அவளிடம் கொடுத்தார். "தாய்க்கு ஊறவைச்சுக் குடு. எல்லாருக்கும் இல்லையெண்டு சொல்லிப்போட்டு ஒளிச்சு வைச்சது. ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

"ஓம், அம்மான்."

அவர் கொட்டிலுக்குப் போய்க் குனிந்து கன்றைப் பார்த்தார். கன்று அவர் வேட்டித் தலைப்பைச் சூப்பியது. இழுத்தெடுத்தார்.

"தாயைப் போலை இல்லை. இது துடியாட்டம். தம்பி, கழுத்திலை ஒண்டும் இல்லாமல் நிக்குது, ஓடித்திரியப் போகுது. கெதியாய் ஒரு கயிறைக் கட்டு."

"கட்டுறன், அம்மான்," என்றேன்.

"நீலக் கயிறு மிச்சம் கிடக்கோ?"

"கிடக்கு."

"அதுதான் உறுதி," என்றார். பிறகு தேத்தண்ணி குடித்தார். வெங்காய விலை கதைத்தார். போய்விட்டார்.

என் மனைவி பொட்டலத்தை அவிழ்த்து முகர்ந்து பார்த்தாள். நல்ல பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு. அதை ஊறவைக்கப் போனாள். போகிற வழியில் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். கலியாணம் கட்டி அத்தனை வருடத்தில் அவள் பாடி நான் அன்றுதான் கேட்டேன். சுருதி சரியில்லை. நான் சொல்லவில்லை.

கன்றுக்குக் கடும்பு முடிந்து பால் தெளிந்த பிறகு பிள்ளைகள் பால் தேத்தண்ணி குடித்தார்கள். சின்னவளுக்கு முதலில் பிடிக்கவில்லை. மாட்டு மணம் என்றாள். பிறகு பழகிவிட்டாள்.

அடுத்த முறை எண்ண வந்தபோது விதானையார் என்னைக் கூட்டிக்கொண்டு ஒழுங்கை ஒழுங்கையாகப் போனார். அதே நாய்கள். அதே கீரி. வான்கோழி மூன்றாகியிருந்தது. எங்கள் வளவுக்கு வந்ததும் அவர் சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, கடதாசியை அதன் சீற்றில் விரித்தார். இந்த முறை என்னிடம் கேட்கவில்லை. என் மனைவியிடம் கேட்டார்.

"பிள்ளை, கட்டை எத்தினை?"

"ரெண்டு."